கோர்ட்டுப் படிக்கட்டில் ஒரு பாலன் குடில்

(ஆகமன காலப் பிரசங்கம்)



சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்தபின், சர்க்கார் ஆபீசொன்றில் குமாஸ்தாவாயிருக்கிற நம் பங்குச் சகோதரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தயங்கித் தயங்கித்தான் பேச ஆரம்பித்தார். "சுவாமி, எங்கள் ஆபீசிலே வருஷந்தோறும் ஆயுத பூசை நடக்கிறது. கம்ப்யூட்டருக்கும் பீரோவுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். நானும் என் பங்குக் காசைக் கொடுத்துவிடுவேன். பொரி கடலை கொடுத்தால் சக ஊழியரின் அன்புக்காக வாங்கிக்கொள்வேன். தீபாராதனை நேரத்தில் மட்டும் வராந்தாவில் போய் நின்றுகொள்வேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இந்த வருஷம் நாங்கள் வேதக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, வாசல் ஹாலிலே ஒரு பாலன் குடில் ஜோடிக்கலாமென்று எண்ணுகிறோம். மேலதிகாரி மாட்டேனென்று சொல்லமாட்டார். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "ஒரு வாரம் பொறு, அப்பா. பிரசங்கத்திலேயே சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அவர் கேட்டது பார்வைக்குச் சின்னக் கேள்விதான். ஆனால் நம்மைப்போன்ற கத்தோலிக்க ஆண்மக்கள் சிலர், நல்ல எண்ணத்தோடு, ஒரு சர்க்கார் கட்டடத்திலே வைத்த குடிலைப்பற்றி ஒரு தேசத்தின் சுப்ரீம் கோர்ட்டுவரை வழக்கு நடந்திருக்கிறது. அந்தக் கதையை முதலில் சொல்லுகிறேன். பிற்பாடு நம் சகோதரருக்குப் பதில் சொல்லுவோம்.

அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாகாணத்தில் பிட்ஸ்பர்க் என்றொரு பட்டணம் உண்டு. எஃகு ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஐரிஷ்காரர், இத்தாலியர், போலந்துக்காரர், ஸ்லோவாக்கியர் என்று எத்தனையோ கத்தோலிக்க ஏழைக் குடும்பங்கள் அந்த உலைகளின் முன் வெந்து பிழைக்கக் கப்பலேறிப் போன ஊர். அங்கே அலகெனி கவுண்டியின் கோர்ட்டுக் கட்டடம், 1888-ல் கட்டி முடிந்த பெரிய கருங்கல் மாளிகை. அதன் நடுவிலே விசாலமான படிக்கட்டு. கட்டடத்திலேயே அழகான இடமும், ஜனங்கள் அதிகமாய் நடமாடுகிற இடமும் அதுதான்.

சேசுவின் திருநாமச் சபையென்று ஆண்களுக்காக ஏற்பட்ட ஒரு பக்த சபை இருக்கிறதல்லவா? ஆண்டவருடைய நாமத்துக்கு மகிமை செலுத்தவும், தூஷணம், வீண் ஆணை முதலிய நாக்கின் பாவங்களை விலக்கவும் ஏற்பட்ட சபை. அந்தச் சபையார் 1981 முதல் வருஷாவருஷம் தங்களுக்குச் சொந்தமான குடில் சொரூபங்களை அந்தப் படிக்கட்டில் வைக்கக் கொடுத்துவந்தார்கள். திவ்விய பாலன், தேவமாதா, அர்ச். சூசையப்பர், இடையர்கள், இராசாக்கள், ஆடு மாடுகள். உச்சியிலே ஒரு சம்மனசு, இடையருக்குப் பாடிய மகிமைப் பாட்டின் முதல் வார்த்தைகளை இலத்தீனில் எழுதிய கொடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். சர்க்கார் சிப்பந்திகள் சுற்றிலும் பூந்தொட்டிகளை அடுக்கினார்கள். மத்தியான வேளைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து அதன் பக்கத்தில் நின்று கிறிஸ்மஸ் பாட்டுகள் பாடினார்கள். அந்தப் பாட்டுகளை உலக சமாதானத்துக்காகவும், யுத்தத்தில் சிறைப்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் குடும்பங்களுக்காகவும் ஒப்புக்கொடுத்திருந்தார்கள். இதிலே யார் குற்றம் காண முடியும் என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

ஆனால் 1986 டிசம்பரில் அவ்வூர்வாசிகள் ஏழுபேரும், பிரஜைகளின் உரிமைகளைக் காக்கிற ஒரு சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அந்தத் தேசத்து அரசியல் சட்டத்தில் 1791-ல் சேர்க்கப்பட்ட முதலாம் திருத்தத்தின்படி, அரசாங்கம் எந்த மதத்தையும் தன் மதமாக ஸ்தாபிக்கக்கூடாது. எவனுடைய மத அனுசரிப்பையும் தடுக்கவும் கூடாது. நியாயம் கேட்டு வருகிறவன் ஏறுகிற படிக்கட்டிலே ஒரு மதத்தின் விசுவாசத்தை மாத்திரம் எடுத்து வைத்தால், இவ்விடத்தில் நீ வீட்டுக்காரன், நீ விருந்தாளி என்று அரசாங்கமே பிரித்துச் சொன்னதாகாதா? இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

சுப்ரீம் கோர்ட்டு 1989 ஜூலை 3-ந் தேதி தீர்ப்புச் சொல்லிற்று. ஒன்பது நீதிபதிகளில் 5 பேர் அந்தக் குடில் அங்கே இருக்கக்கூடாதென்றார்கள். 4 பேர் இருக்கலாமென்றார்கள். அந்த ஒன்பதுபேரில் மூவர் கத்தோலிக்கர் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஸ்காலியா, கென்னடி என்கிற இருவர் குடில் இருக்கலாமென்றார்கள். பிரென்னன் என்கிறவர் கூடாதென்றார். ஒரே ஞானஸ்நானம், ஒரே தேவநற்கருணை, ஆனாலும் இந்த விஷயத்தில் இரண்டு அபிப்பிராயம். ஆகையால் நம் பங்கிலே இதைக்குறித்து வாக்குவாதம் எழும்பினால், மாற்றிச் சொல்லுகிறவனை உடனே பதிதன் என்று ஏசாதேயுங்கள்.

தீர்ப்பின் காரணத்தைக் கவனியுங்கள். குடிலைச் சுற்றி அதன் அர்த்தத்தை மாற்றத்தக்க வேறொன்றும் அந்தப் படிக்கட்டில் இல்லை. சம்மனசின் கொடியிலே எழுதியிருந்ததோ சர்வேசுரனுடைய ஸ்தோத்திரம். இன்ன சபையார் கொடுத்தது என்று பலகை வைத்திருந்தது மெய்தான். ஆனால் அந்தச் சபையின் ஞானப் போதனையை அரசாங்கம் ஆமோதிக்கிறதென்றுதான் அந்தப் பலகை காட்டுகிறது என்று சொல்லிவிட்டார்கள். அதாவது, குடில் பேசிற்று, தெளிவாய்ப் பேசிற்று, அதனால் வெளியேற்றப்பட்டது.

அதே வழக்கிலே இரண்டாவது காட்சி ஒன்றும் இருந்தது. அங்கிருந்து சிறிது தூரத்தில், நகரசபைக் கட்டடத்தின் வாசலில் 45 அடி உயரத்தில் ஒரு கிறிஸ்மஸ் மரம். அதன் பக்கத்தில் 18 அடி உயரத்தில் யூதருடைய ஹனூக்காத் திருநாளின் தீபஸ்தம்பம். அத்தோடு சுதந்திரத்தைப் புகழ்ந்து நகர மேயர் எழுதிய ஒரு பலகை. (ஹனூக்கா நமக்கும் அந்நியமானதல்ல. அந்தத் திருநாள் உண்டான வரலாறு நம்முடைய வேதாகமத்திலுள்ள மக்கபே ஆகமத்தில் இருக்கிறது. அத்திருநாட்களில் மாரிகாலத்திலே நம் ஆண்டவர் தேவாலய மண்டபத்தில் உலாவினதை அர்ச். அருளப்பர் எழுதியிருக்கிறார்.) இந்த இரண்டாவது காட்சி இருக்கலாமென்று 6 பேர் சொன்னார்கள். மரமும் விளக்கும் பலகையும் சேர்ந்திருப்பதைப் பார்க்கிறவன், அதை மாரிகாலப் பண்டிகைக் கொண்டாட்டமென்றுதான் எடுத்துக்கொள்வான் என்பது நியாயம்.

அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன், 1984-ல், இன்னொரு குடில் வழக்கிலே குடில்தான் ஜெயித்தது. றோட் ஐலண்டு மாகாணத்தில் பாட்டக்கெட் என்கிற ஊரில், கடைவீதி நடுவே ஒரு பூங்காவில் நகரசபையார் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் குடில் வைத்துவந்தார்கள். அப்போதிருந்த சொரூபங்களை 1973-ல் 1,365 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். வழக்கு நடந்தபோது அதன் மதிப்பு 200 டாலர். வருஷாவருஷம் எடுத்து வைத்துப் பிரிக்க 20 டாலர் செலவு. அதிலும் 5 பேருக்கு 4 பேர். குடில் இருக்கலாம் என்று தீர்ப்பு. ஏன் ஜெயித்தது தெரியுமா? அதைச் சுற்றி என்னென்ன இருந்தது தெரியுமா? கிறிஸ்மஸ் தாத்தாவின் வீடு, அவருடைய வண்டியை இழுக்கிற மான்கள், வர்ணக் கம்பங்கள், நூற்றுக்கணக்கான விளக்குகள், ஒரு கோமாளி, ஒரு யானை, ஒரு கரடிப் பொம்மை. இத்தனைக்கும் நடுவிலே தேவபாலன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது ஒரு பண்டிகைக்கால அலங்காரம். திருநாள் உண்டான வரலாற்றைக் காட்டுகிற படம். ஒரு மதத்தை அரசாங்கம் பரப்புகிறதாகாது என்றார்கள்.

அந்தத் தீர்ப்போடு ஒத்துக்கொள்ளாத நீதிபதிகளில் பிளாக்மன் என்பவர் ஒருவர். கத்தோலிக்கர் அல்ல, மெத்தடிஸ்து சபையைச் சேர்ந்தவர். இப்படிப்பட்ட இடத்திலே கிறீஸ்தவர்கள் குடிலின் மெய்யான பொருளை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அடங்கவேண்டும், மற்றவர்களோ அதைக் கண்டு தாங்கள் புறத்தியார் என்று எண்ணவேண்டும். பரிசுத்தமான ஓர் அடையாளத்தை இப்படி நடத்துவது தகாது என்ற கருத்தில் எழுதிவைத்தார். நான் இதை வாசித்தபோது புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருந்தேன். குருவானவர் ஒருவர் சொல்லவேண்டியதை, கறுப்பு அங்கி போட்ட ஒரு நீதிபதி சொல்லிவிட்டாரே!

நேசமுள்ள கிறீஸ்தவர்களே! இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிட்ஸ்பர்க்கிலே குடில் தோற்றது, அது குடிலாயிருந்தபடியால். பாட்டக்கெட்டிலே குடில் ஜெயித்தது, அது யானையோடும் கோமாளியோடும் சேர்ந்து அலங்காரப் பொம்மையாய்ப் போனபடியால். இவ்விரண்டில் எதை நீங்கள் தோல்வி என்பீர்கள்?

இராயப்பர் பிரதான ஆசாரியருடைய முற்றத்திலே குளிர் காய்ந்துகொண்டு நின்ற இரவு உங்களுக்கு ஞாபகமிருக்குமே. அங்கே அவரை யாரும் அடிக்கவில்லை, கட்டவில்லை. நெருப்பின் பக்கத்தில் இடம் கிடைத்திருந்தது. அந்த இடத்தை இழக்காமலிருக்கத்தான் அவர் அந்த மனிதனை அறியேன் என்றார். சர்க்கார் முற்றத்தில் குடிலுக்கு ஓரிடம் வேண்டுமென்பதற்காக, "ஐயா, இதில் மதமொன்றுமில்லை, இது வெறும் பழக்கவழக்கம், கலாசாரம்" என்று கிறீஸ்தவனே வக்கீல் வைத்துச் சொன்னால், அது எந்த முற்றத்திலே எந்த நெருப்பிலே குளிர் காய்வது? மாட்டுக்கொட்டிலில் கிடக்கிற பாலன் மனுஷாவதாரமான சர்வேசுரன். இதை நாம் விசுவசிக்கிறோம், அல்லது விசுவசிக்கவில்லை. விசுவசிக்கிறவன் அதைக் கரடிப் பொம்மைக்குத் துணையாக வைக்கச் சம்மதிக்கிறதெப்படி?

இந்தக் கண்ணி அமெரிக்காவில் மாத்திரம் வைத்ததென்று எண்ணவேண்டாம். பிரான்சு தேசத்திலே 1905-ம் வருஷத்துச் சட்டம் இராச்சியத்தையும் சபைகளையும் வேறாக்கிற்று. பொதுக் கட்டடங்களில் மத அடையாளங்களை நாட்டக்கூடாதென்று அதன் 28-ம் பிரிவு சொல்லுகிறது. அப்படியிருந்தும் சில நகரசபை மண்டபங்களில் குடில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். வழக்குகளும் நடந்துகொண்டே இருந்தன. 2016 நவம்பர் 9-ந் தேதி அவர்களுடைய உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் சொன்ன முடிவு இது: கலையோ, பண்பாடோ, பண்டிகை மகிழ்ச்சியோ என்ற முறையில் தற்காலிகமாய் வைத்தால் வைக்கலாம், ஒரு மதத்தை ஆமோதிக்கிறதற்கு வைக்கக்கூடாது, அரசாங்க அதிகாரம் வீற்றிருக்கிற கட்டடத்திலே, ஊர் வழக்கம் போன்ற விசேஷ காரணமில்லாவிட்டால், வைக்கவே கூடாது. நீதிமன்றத்தைக் குறைகூற நான் யார்? சட்டம் அப்படி, அவர்கள் தீர்ப்பும் அப்படி. ஆனால் பாலகன் உள்ளே வரலாம், பாலகன் யாரென்று மட்டும் சொல்லாதே என்று கேட்கிற நிபந்தனையை நாம் சந்தோஷமாய்க் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா?

அதே பிரான்சிலே இதைவிட நல்ல கதை ஒன்று உண்டு. பெரிய புரட்சியின் காலத்தில், 1793 வாக்கிலே, கோவில்களைப் பூட்டினார்கள். நடுச்சாமப் பூசை நின்றுபோயிற்று. கோவிலில் குடில் இல்லை. தெற்கே புரோவென்சு நாட்டு ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போகவில்லை, மனுவும் எழுதவில்லை. தங்கள் தங்கள் வீட்டுக்குள்ளே சின்னஞ்சிறு குடில்களை வைத்தார்கள். மார்சேல் பட்டணத்தில் லஞேல் என்கிற ஒரு சிற்பி, ஏழைகளும் வாங்கத்தக்க விலையில் களிமண் பொம்மைகளை அச்சில் வார்த்துக் கொடுத்தான். சின்ன அர்ச்சியசிஷ்டவர் என்று பொருள்படும் 'சந்தோன்' என்பது அவைகளுக்குப் பேர். தேவபாலனோடும் மாதாவோடும் நின்றுவிடாமல், தங்கள் ஊர் ஜனங்களையும் களிமண்ணில் பண்ணிச் சேர்த்தார்கள்: மாவு அரைக்கிறவன், மீன்காரி, கத்தி சாணைபிடிக்கிறவன், கிழவி, குழந்தைகள். எல்லோரும் ஏதாவது காணிக்கையோடு போகிறார்கள். ஒருவன் மாத்திரம் வெறுங்கையன். ஆச்சரியத்தால் இரண்டு கையையும் மேலே தூக்கினபடி நிற்கிறான். அவனுக்கு 'ரவி' என்று பேர். (நம் ஊர்ப் பேரல்ல, பரவசப்பட்டவன் என்பது அவர்கள் பாஷையில் அதற்கு அர்த்தம்.) கொடுக்க ஒன்றுமில்லாதவனுக்கும் அந்தக் குடிலில் இடமுண்டு. 1803-ல் மார்சேலில் இந்தப் பொம்மைகளுக்கென்று சந்தை கூடிற்று. இந்நாள்வரை வருஷந்தோறும் கூடுகிறது. பொது இடத்திலே பூட்டப்பட்ட குடில், வீடுகளிலே ஆயிரமாய்ப் பெருகிற்று. இப்போது அந்த ஜனங்களுடைய மக்களின் மக்கள், நகரசபை மண்டபத்தில் குடில் இருக்கலாமா கூடாதா என்று வழக்காடுகிறார்கள். அவரவர் வீட்டு மேசைமேல் அந்தப் பழைய களிமண் பொம்மைகள் இருக்கின்றனவா என்று மட்டும் யாராவது போய்ப் பார்த்தால் நலம்.

ஐந்துகாய அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் குடில் ஜோடித்த கதையை நீங்கள் ஞானோபதேச வகுப்பிலே கேட்டிருப்பீர்கள். ஆனாலும் ஒரு விவரத்தை நினைவூட்டுகிறேன். 1223-ம் வருஷம், ரியேத்தி பள்ளத்தாக்கிலே கிரேச்சோ என்னும் சிற்றூர். அருளப்பர் என்னும் பேருள்ள ஒரு பிரபுவிடம், திருநாளுக்குப் பதினைந்து நாளைக்கு முன்னே, தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆயத்தம்பண்ணச் சொன்னார். சொரூபங்கள் இல்லை. தொட்டிமேலே திவ்விய பூசை நடந்தது. பிரான்சிஸ்கு தியாக்கோனாயிருந்து சுவிசேஷம் பாடிப் பிரசங்கித்தார். ஜனங்கள் பந்தங்களைப் பிடித்துக்கொண்டு மலையேறி வந்தார்கள். இந்தப் புதுக் காரியத்துக்கு அவர் முன்கூட்டி உத்தரவு கேட்டாரென்று அர்ச். பொனவெந்தூர் எழுதியிருக்கிறார். யாரிடம் கேட்டார்? பாப்பானவரிடம். சக்கரவர்த்தியிடம் கேட்கவில்லை.

சுவிசேஷத்திலேயே பாருங்கள். அந்த முழு வரலாற்றிலும் சர்க்கார் கட்டடம் எங்கே வருகிறது? முதலாவது, குடிமதிப்பு. அகுஸ்து செசாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, மாதம் நிறைந்த தேவமாதாவை அழைத்துக்கொண்டு சூசையப்பர் பெத்லெகேமுக்கு நடந்தார். ஒரு முணுமுணுப்பு உண்டா? இராச்சியத்துக்குச் செலுத்தவேண்டியதைச் செலுத்தினார்கள். பதிவேட்டில் பேர் கொடுத்தார்கள். பதிலுக்கு ஒரு அறை கேட்டு அதிகாரியிடம் போனதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. இரண்டாவது, கிழக்கேயிருந்து வந்த இராசாக்கள். யூதருடைய இராசாவாய்ப் பிறந்தவர் எங்கேயென்று கேட்டுக்கொண்டு முதலில் எங்கே போனார்கள்? அரண்மனைக்கு. பிறந்தவர் இராசா என்றால் இராச கட்டடத்தில்தானே இருக்கவேண்டும் என்று எண்ணிவிட்டார்கள். அங்கே ஏரோது இருந்தான், வேதபாரகர் இருந்தார்கள், எந்த ஊரில் பிறப்பாரென்று தீர்க்கதரிசியின் புஸ்தகத்தைத் திறந்து சரியாகச் சொல்லவும் சொன்னார்கள். எல்லாம் இருந்தது, பாலன் மாத்திரம் இல்லை. அரண்மனையை விட்டு வெளியே வந்தபிறகுதான் நட்சத்திரம் திரும்பவும் தென்பட்டது. அங்கே அவர்கள் விசாரித்ததால் வந்த ஆபத்தும் உங்களுக்குத் தெரியும். பெத்லெகேமின் குழந்தைகள் அதற்கு இரத்தம் சிந்தினார்கள்.

அப்படியானால் குடிலைப் பொது இடத்திலே வைப்பது பாவமோ என்று கேட்பீர்கள். அல்லவே அல்ல! உரோமையில் அர்ச். இராயப்பர் தேவாலய முற்றவெளியிலேயே 1982 முதல் பெரிய குடில் வைக்கிறார்கள். மறைந்த பிரான்சிஸ்கு பாப்பானவர் 2019 டிசம்பர் முதல் தேதி அதே கிரேச்சோவுக்குப் போய்க் குடிலைப்பற்றி ஒரு நிருபத்தில் கையொப்பமிட்டார். வீடுகளில் மட்டுமல்ல, வேலை செய்யும் இடங்களிலும், பள்ளிக்கூடங்களிலும், ஆஸ்பத்திரிகளிலும், சிறைச்சாலைகளிலும், ஊர்ச் சதுக்கங்களிலும் குடில் வைக்கிற வழக்கத்தை அதில் புகழ்ந்து உற்சாகப்படுத்தியிருக்கிறார். ஆகவே நம் சகோதரர் கேட்டதை எடுத்த எடுப்பிலே தள்ள எனக்கு அதிகாரமில்லை. ஆனால் பரிசுத்த பிதா சொன்னது ஜனங்களுடைய பக்தியை. அரசாங்கத்தின் முத்திரையை அல்ல. இந்த வித்தியாசத்தை இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் நமக்குக் கற்பித்திருக்கிறது. 1965 டிசம்பர் 7-ந் தேதி வெளியான மத சுதந்தரப் பிரகடனத்தின்படி, எவனையும் அவன் மனச்சாட்சிக்கு விரோதமாய் நடக்கும்படி வற்புறுத்தக்கூடாது. நீதியான எல்லைக்குள் அவன் மனச்சாட்சியின்படி நடப்பதைத் தடுக்கவும் கூடாது. ஒரு நாட்டிலே ஒரு மதத்துக்குச் சட்டப்படி விசேஷ இடம் கொடுத்திருந்தாலும், மற்ற எல்லாருடைய உரிமையும் காக்கப்படவேண்டும். கத்தோலிக்கர் ஏராளமாயிருக்கிற நாட்டுக்கும் இதுதான், நம்மைப்போல் சிறு மந்தையாயிருக்கிற நாட்டுக்கும் இதுதான். மதச்சார்பற்ற அரசு என்றாலே சர்வேசுரனுக்கு விரோதமான அரசு என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அந்தக் கொள்கைதான் இத்தேசத்திலே நம் கோவில் மணியை நிம்மதியாய் அடிக்கவிடுகிறதென்பதை அவர்கள் மறந்துவிட்டார்களோ என்னவோ.

எல்லாருக்கும் சமமாய் இடங்கொடுக்கிறோமென்று திறந்துவிட்டால் என்ன ஆகுமென்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கலிபோர்னியாவில் சாண்டா மொனிக்கா என்கிற கடற்கரை ஊரிலே 1953 முதல் சபைகள் சேர்ந்து பூங்காவில் பாலன் பிறப்புக் காட்சிகள் வைத்துவந்தார்கள், பதினான்கு காட்சிகள். 2011-ல் இடம் கேட்டவர்கள் அதிகமானபடியால் நகரசபை சீட்டுப் போட்டது. 21 இடங்களில் 18 நாஸ்திகருக்கு விழுந்தது. மறுவருஷம் நகரசபை, யாருக்குமே இடமில்லை என்று முடித்துவிட்டது. சபையார் கோர்ட்டுக்குப் போயும் ஜெயிக்கவில்லை. காட்சிகளைத் தனியார் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் இதை நாஸ்திகர்மேல் கோபத்தில் சொல்லவில்லை. வாசலைத் திறந்துவிடச் சொல்லுகிறவன், யார் யார் உள்ளே வருவார்களென்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளவேண்டும்.

அமெரிக்காவில் சட்டமும் ஒரே நிலையில் நிற்கவில்லை. அரசாங்கம் ஆமோதிக்கிறதாய்த் தோன்றுகிறதா என்று பார்த்து எடைபோடுகிற பழைய முறையைக் கைவிட்டு, தேசத்தின் பழைய வழக்கத்தையும் வரலாற்றையும் பார்க்கவேண்டுமென்று 2022-ல் அதே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. நாளைக்கு அந்தப் படிக்கட்டில் குடில் திரும்ப ஏறினாலும் ஏறலாம். நீதிபதிகள் மாற மாற இடம் கிடைக்கும், இடம் போகும். பிட்ஸ்பர்க்கின் கத்தோலிக்கரும் மற்றக் கிறீஸ்தவர்களுமோ அதற்காகக் காத்திருக்கவில்லை. 1999 முதல் அந்தப் பட்டணத்தின் நடுவில், ஒரு பெரிய எஃகுக் கம்பெனியின் பேரால் விளங்குகிற கட்டடத்தின் முற்றத்திலே, உரோமையின் இராயப்பர் முற்றவெளிக் குடிலை மாதிரியாகக் கொண்டு ஒரு குடிலை வைத்துவருகிறார்கள். படிக்கட்டிலிருந்ததைவிடப் பெரிது. அது தனியார் நிலம். அங்கே அந்தப் பாலன் யாரென்று உரக்கச் சொல்லலாம், யாரும் தடுப்பாரில்லை.

இனி நம் சகோதரருக்குப் பதில்.

அப்பா, உன் மேசைமேல் ஒரு சின்னக் குடிலை வைக்க உனக்கு மனமிருந்தால், மற்ற மேசைகளில் மற்றவர்கள் தங்கள் சுவாமி படத்தை வைத்திருப்பதுபோல வை. யாரும் கேட்டால் வெட்கப்படாமல் சொல். வாசல் ஹாலைப்பற்றி முடிவுசெய்யுமுன் ஒரு காரியம் செய். தீபாராதனை நேரத்தில் நீ வராந்தாவில் போய் நின்றாயே, அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்துக்கொள். யாரும் உன்னைத் துன்பப்படுத்தவில்லை. ஆனாலும் அந்த ஐந்து நிமிஷமும் இந்த ஆபீசு என்னுடையதுதானா என்று உனக்குள்ளே கேட்டிருப்பாயல்லவா? நீ ஹாலிலே குடில் வைக்கிறபோது அந்த வராந்தாவில் போய் நிற்கப்போகிறவன் யார்? உங்கள் ஆபீசில் ஒரு முஸ்லிம் சகோதரர் இருக்கிறாரென்று சொன்னாய். ஒன்றையும் நம்பாதவர் ஒருவரும் இருக்கலாம். முதலில் அவர்களிடம் போய்ப் பேசு. அவர்கள் மனதாரச் சரியென்றால், மேலதிகாரியின் தயவால் அல்ல, சக ஊழியரின் நட்பால் வை. ஒருவர் முகம் சுளித்தாலும் விட்டுவிடு. அதற்காக உத்தரவும் வாங்காதே, சண்டையும் போடாதே. நாங்கள் ஆயுத பூசைக்குக் காசு கொடுத்தோமே என்று கணக்கையும் நீட்டாதே. அன்பினால் கொடுத்ததை வட்டியோடு திரும்பக் கேட்கிறது நமக்கு அழகல்ல. வைத்தாலும் குடிலாகவே வை. எல்லாருக்கும் பிடிக்கட்டுமென்று கிறிஸ்மஸ் தாத்தாவை நடுவில் நிறுத்திப் பாலனை மூலையில் தள்ளுகிறதாயிருந்தால், வைக்காமலிருப்பதே மேல்.

வீட்டிலே? இதை உன்னிடம் மாத்திரமல்ல, இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாரிடமும் கேட்கிறேன். சென்ற வருஷம் வீடு மந்திரிக்க வந்தபோது நானே பார்த்தேன். தெருவைப் பார்த்து நட்சத்திர விளக்கு எரிகிறது. உள்ளே குடில் இல்லை. கேட்டால், பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள் சுவாமி, பெட்டியில் கட்டி பரணில் போட்டாயிற்று என்று பதில். பரணிலிருக்கிற பாலனை இறக்கி வைக்க எந்தக் கோர்ட்டின் உத்தரவும் வேண்டியதில்லை. திண்ணையுள்ளவர்கள் திண்ணையிலே, தெருவைப் பார்த்து வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நிச்சயம் எட்டிப் பார்க்கும்; உள்ளே கூப்பிட்டு, இது யார், அது யார் என்று பொறுமையாய்ச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் நவராத்திரிக்குக் கொலு வைத்து உங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுத்தார்களே!

கோவில் குடில் வேலை வருகிற சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பமாகும். வாலிபர் சங்கத்தார் மூங்கில் கொண்டுவருவார்கள். இந்த வருஷம் காகிதப் புல் வாங்கப்போவதில்லை. அறுவடை முடிந்த வயலுள்ளவர்கள் இரண்டொரு கட்டு வைக்கோல் கொடுத்தால் போதும், கோவிற்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். குமாஸ்தா தம்பியும் சனிக்கிழமை விடுமுறைதானே, வந்துவிடட்டும்.